தாடியை எடுக்காமல் தாவோவை விட்டு வந்த கதை

ஒரு நாட்டுக்குள் போவதற்குக் காகிதம் வேண்டும் என்பது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். போன நாட்டை விட்டு வெளியே வருவதற்கும் தனியாக ஒரு காகிதம் வேண்டும் என்பது எனக்கு எழுபதாவது வயதில்தான் தெரிந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கன்னிவாடியில் பிறந்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அதே மார்க்கெட்டில் முருங்கைக்காய் மண்டி வைத்து, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லாரி லாரியாகக் காய் அனுப்பியவன். காகிதத்தைக் கண்டு பயந்ததில்லை. பிலிப்பைன்ஸிலும் பயப்படவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாவோ என்ற ஊரில் என் மகள் வயிற்றுப் பேத்தி தர்ஷினி டாக்டருக்குப் படிக்கிறாள். சிநேகிதியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்து, இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மகளும் மருமகனும் வாத்தியார் வேலை, பரீட்சை நேரம், லீவு இல்லை. நான் போகிறேன் என்றேன்.

"அப்பா, உங்களுக்கு இங்கிலீசு தெரியாதே" என்றாள் மகள்.

"காலொடிஞ்ச பிள்ளைக்குக் கஞ்சி வைக்க இங்கிலீசு எதுக்கு?"

கிளம்புவதற்கு முன்னால் பழனி அடிவாரத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை ஊன்றுகட்டை இல்லாமல் நடக்கிறவரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது. அந்த முடி முழுவதும் முருகனுக்கு, அதையும் பழனியில்தான் இறக்குவேன். ஒரு மாதம் என்று போனவன் ஏழு மாதம் இருந்தேன். முதல் ஆபரேஷன் சரியாகக் கூடவில்லை, இரண்டாவது செய்தார்கள். விசாவை நீட்டிக்கொண்டே போனோம். கடைசியில் பிள்ளை நடந்தாள். எனக்குத் தாடி நெஞ்சைத் தொட்டது, தலைமுடி காதை மூடித் தொங்கியது.

வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். அதற்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை நெய்க்காரப்பட்டியில் என் தங்கை பேச்சியின் கடைசி மகளுக்குக் கல்யாணம். பேச்சிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டிய தாய்மாமன் நான். பேச்சியின் புருஷன், என் மச்சான், போன் போட்டார். அவர் அந்தப் பக்கத்து ஆள், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை சொட்டும், உள்ளே ஊசி இருக்கும்.

"ஏனுங் மச்சான், வந்துருவீங்கல்லங்க? முடியலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. மாமன் மொறைக்குப் பங்காளிக வகையில ஒருத்தர நிறுத்திக்கறோம்."

"நான் மண்ணுக்குள்ள போன பெறகு நிறுத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விமானத்துக்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, தர்ஷினியோடு படிக்கும் தேனிப் பையன் ஒருவன் டிபனுக்கு வந்தான். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "தாத்தா எக்ஸிட் கிளியரன்ஸ் வாங்கிட்டாரா?" என்று கேட்டான். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்கள், இந்த ஊரில் எந்த வம்பு வழக்கும் இல்லை என்று குடியேற்ற ஆபீஸில் சீட்டு வாங்கினால்தான் விமானத்தில் ஏற விடுவார்களாம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அதற்குக் கொடுக்க வேண்டுமாம். கணக்குப் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள். தர்ஷினி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை காலை, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாள் முருங்கைக் கீரை சூப் கொடுத்தார். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் பன்றியோ மீனோ இருக்கும். வேண்டுதலுக்காகக் கவிச்சியை விட்டவன், ஏழு மாதமும் இந்தக் கீரையிலும் அவித்த வாழைப்பழத்திலும்தான் காலம் தள்ளினேன். ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு முருங்கை மரம் நிற்கிறது, கீரையை உருவிக்கொண்டு காயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காய் முற்றிக் காய்ந்து தொங்குகிறது. வந்த புதிதில் ஒரு நாள் நானே ஏறாத குறையாகத் தொரட்டி கட்டிப் பறித்துச் சாம்பார் வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மாள் சக்கையையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு நன்றி சொன்னார். மறுநாள்தான் மென்று துப்பக் கற்றுக்கொடுத்தேன்.

ஆபீஸுக்கு ஜீப்னி என்ற வண்டியில் போனோம். நம் ஊர் மினி பஸ்ஸை அமுக்கிச் சிறிதாக்கினால் அதுதான். இரண்டு பக்கமும் நீளமான சீட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். கண்டக்டர் கிடையாது. சில்லறையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தால் கை மாறி கை மாறி டிரைவருக்குப் போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். ஒரு காசு குறையாது. ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் இதைச் செய்தால் மீதி வந்து சேர்வதற்குள் பழனி வந்துவிடும்.

எனக்குச் சும்மா உட்கார வராது. மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, மோதிரத்தால் தட்டி ஒரு காவடிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை. மறுபடி கிளம்பியது, மறுபடி தட்டினேன், மறுபடி நின்றது. மூன்றாம் தடவை டிரைவர் திரும்பி ஏதோ சத்தம் போட, வண்டி முழுக்கச் சிரிப்பு. கம்பியில் தட்டினால் இறங்க வேண்டும் என்று அர்த்தமாம்.

"மோதிரத்தக் கழட்டிப் பையில போடுங்க தாத்தா" என்றாள் தர்ஷினி.

"பாட்ட நிறுத்துறேன். மோதிரம் நான் சம்பாரிச்சது, அது எங்கயும் எறங்காது."

முதலில் போட்டோ. பின்னால் வெள்ளைத் துணி இருக்க வேண்டும் என்பது விதி. நான் நாற்பது வருடமாக வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. படத்தைப் பார்த்தால் என் தலை மட்டும் ஆகாயத்தில் மிதந்தது. ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து என் கழுத்துக்குக் கீழே ஒட்டிக் காட்டினான். அசல் வங்கி மேனேஜர் மாதிரி இருந்தேன். "நான் போடாத கோட்டு என் மேல இருக்கக் கூடாது, அழிக்கச் சொல்லு" என்றேன். பச்சைக் கரை போட்ட துண்டைத் தோள் இரண்டிலும் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கரை தெரிந்தது, ஆளும் தெரிந்தேன்.

ஆபீஸ் வாசலில் காவல்காரன் மறித்தான். வேட்டியைத்தான் சொல்கிறான் என்று சண்டைக்குத் தயாரானேன். அவன் வேட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை, காலைக் காட்டினான். செருப்புப் போட்டவர்களை உள்ளே விடுவதில்லையாம். ஷூ வாங்கக் கடைக்குப் போகலாம் என்று வாசலில் நின்ற டிரைசிக்கிளைக் கூப்பிட்டோம். பைக்கின் பக்கவாட்டில் தொட்டில் கட்டிய வண்டி அது. ஓட்டுகிறவன் பெயர் ஜுன். விஷயத்தைக் கேட்டதும் குனிந்து தன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தான். என் செருப்பைத் தான் மாட்டிக்கொண்டு காலை ஆட்டியபடி உட்கார்ந்துவிட்டான். பெயர் தெரியாத கிழவனுக்குக் காலில் கிடந்ததைக் கழற்றித் தருகிற ஊர். அந்த மரியாதையை நான் ஒட்டன்சத்திரத்தில் மண்டி வைத்த பிறகுதான் பார்த்தேன்.

அன்று படிவம் நிரப்புவதற்குள் ஜன்னலை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே மறுபடி ஜுன் வாசலில் நின்றான், மறுபடி ஷூ கைமாறியது.

வயதானவர்களுக்குத் தனி வரிசை. நான் அதில் நிற்க மாட்டேன் என்றேன். "வீம்புக்கு நேரமில்ல தாத்தா" என்று தர்ஷினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் காலைத் தாங்கித் தாங்கி நடக்காமல் இழுத்த அந்த வேகத்தைப் பார்த்துத்தான் பேசாமல் போனேன்.

ஜன்னலுக்கு உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அதில் நான் ஒட்ட வெட்டிய கிராப்போடு, முறுக்கிய மீசையோடு, மழுமழுவென்று இருப்பேன்.

"இது நீங்கள்தானா?" என்று கேட்கிறார் என்றாள் தர்ஷினி.

"நான் இல்லாம எங்கப்பனா? அவரு செத்து முப்பது வருசமாச்சு. அவருக்கு மீசையும் கெடையாதுன்னு சொல்லு."

தர்ஷினி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஆமாம் என்பதற்கு அதுதான் வார்த்தை என்பது எனக்கே தெரியும்.

கைரேகை எடுக்கக் கண்ணாடிப் பெட்டியில் விரலை வைக்கச் சொன்னார். பத்து விரலில் ஏழு விழவே இல்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், ஊதி வைத்தேன். சணல் சாக்கும் கூடைப் பிரம்பும் தின்ற கை இது. நம் ஊர் ரேஷன் கடையிலும் இதே கதைதான், அங்கே கண்ணைக் காட்டி அரிசி வாங்குகிறேன். இங்கே கண் செல்லாதாம்.

முகமும் ஒத்துப்போகவில்லை, விரலும் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மாள் கோபப்படவில்லை. எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே முடி வெட்டும் கடை இருக்கிறது, பத்து நிமிடம், எடுத்துவிட்டு வந்தால் இன்றே எழுதித் தருகிறேன் என்றார்.

"முடியாது" என்றேன். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தர்ஷினி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "தாடிய மட்டும் எடுப்போம் தாத்தா. தலைமுடி இருக்கட்டும். முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நீ நடக்கணும்னு கேட்டப்ப, அரைக்காலு நடந்தாப் போதும்னா கேட்டேன்? முழுசாக் கேட்டேன். குடுக்குறதும் முழுசாத்தான் குடுப்பேன்."

"அப்ப கல்யாணம்? இன்னைக்கு விட்டா வெள்ளிக்கெழம போக முடியாது. நெய்க்காரப்பட்டித் தாத்தா வேற யாரையாச்சும் மாமன் எடத்துல நிறுத்திருவாரு."

"கல்யாணத்துக்கும் போவேன்."

"எப்படி?"

"அது அந்தம்மா பாடு. ஏழு மாசமா இந்த ஊர்ல பயந்து ஒளிஞ்சா இருந்தேன்? ஆளு முன்னாடி நிக்கேன். நான்தான் நானுன்னு அவுகளுக்குத் தெரியலன்னா அது என் குத்தமா?"

தர்ஷினி திரும்பிப் போய் வேண்டுதலைப் பற்றி என்னவோ நெடுநேரம் சொன்னாள். தன் காலைக் காட்டினாள், என் தாடியைக் காட்டினாள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காதை மூடியிருக்கும் முடியை ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கினேன். எழுந்து கிட்டே வந்து என் இடது காதைப் பார்த்தார். அந்தக் காது மடல் கீழே இரண்டாகக் கிழிந்து தொங்கும். பாஸ்போர்ட் படத்திலும் அது தெளிவாக இருக்கிறது.

"காதுதான் நல்ல அடையாளம்ங்கிறாங்க" என்றாள் தர்ஷினி. அவள் குரலில் உயிர் வந்துவிட்டது. "வக்கீல் முன்னாடி ஒரு பிரமாணப் பத்திரம் வேணுமாம். படத்துல இருக்கறவரும் நீங்களும் ஒருத்தர்தான், காதுல இந்த அடையாளம் இருக்கு, அது எப்படி வந்துச்சு, எல்லாம் எழுதி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். மூணு மணிக்குள்ள குடுத்துட்டா இன்னைக்குத் தேதியிலயே எடுத்துக்குவாங்களாம்."

என் காது விஷயம் ஒட்டன்சத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபது வயதில் ஜல்லிக்கட்டில் காளை கொம்பால் கிழித்தது, ரத்தம் ஒழுக ஒழுகத் திமிலை விடாமல் பிடித்தேன். மார்க்கெட்டில் புதிதாக வருகிற லாரிக்காரனுக்குக்கூட முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இந்த ஏழு மாதத்தில் தர்ஷினிக்கு நானே ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். "காது கிழிஞ்சும் திமில விடாதவன் பேத்தி நீ, ஊசிக்கு அழுவியா?" என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

வக்கீல் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஐம்பது வயது ஆள், மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அடையாளம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி காளைக் கதையை ஆரம்பித்துவிட்டாள். கொம்பு, திமில், ரத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டே அடித்து முடித்தார். காகிதத்தை எடுத்து வைத்து, வலது கையை உயர்த்தி உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார். பொய்யென்றால் சிறை என்றும் சேர்த்துச் சொன்னார்.

கையைத் தூக்கினேன். பாதியில் நிறுத்தினேன். சிறைக்குப் பயந்து இல்லை. முருகனுக்குச் சேர வேண்டிய முடியைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படிப் பொய்ச் சத்தியம் செய்வது? அதே முடியைக் காப்பாற்றத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆத்தா, காளைய எடுத்துரச் சொல்லு" என்றேன்.

"என்ன தாத்தா?"

"காளை இல்ல. நான் சொல்றத அப்படியே சொல்லு."

இருபது வயதில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கினேன். காதில் கடுக்கன் போட்டிருந்தேன். ஒரு நாள் தக்காளிக் கூடை கை நழுவி விழுந்து, தக்காளி தரையெல்லாம் நசுங்கியது. முதலாளி வந்தார். கடுக்கனோடு சேர்த்து என் காதைப் பிடித்துத் திருகி, அந்தத் தக்காளியைச் சுற்றி என்னை இழுத்துக்கொண்டு வந்தார். காது கிழிந்தது. மார்க்கெட் முழுக்க வேடிக்கை பார்த்தது. பொறுக்கு என்றார், பொறுக்கினேன். திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காளை என்று சொன்னேன். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு மார்க்கெட்டிலும் காளைக் கதைதான் மிஞ்சியது.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "இத இப்படியே எழுதணுமா தாத்தா?"

"ஒரு எழுத்து கொறையாம எழுதச் சொல்லு."

வக்கீல் மெதுவாக அடித்தார். முடித்துவிட்டு, அந்த முதலாளியை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"அவரு கடைக்கு நேர் எதுத்தாப்புல கடை போட்டேன். என் போர்டு அவரு போர்டவிட ரெண்டடி ஒசரம்."

அவர் சிரித்தார். மறுபடி சத்தியம் செய்யச் சொன்னார். கையை உயர்த்தினேன், இந்தத் தடவை நிற்கவில்லை. தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து அதுதான். அதன் கீழே அவர் முத்திரையை எடுத்து மேஜை அதிரும்படி குத்தினார்.

திரும்பும்போது தர்ஷினி டிரைசிக்கிளில் என் காதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆபரேசன் ரூமுக்குள்ள போறப்ப நான் அந்தக் காளையத்தான் நெனச்சுக்கிட்டுப் போனேன்" என்றாள்.

"நெனச்சதுல தப்பில்ல. காளைதான் பொய்யி. கிழிஞ்சது நெசம், அழுகாம நின்னதும் நெசம்."

"காளையவிட அந்தாளு மோசம் தாத்தா" என்றாள். அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டே முக்காலுக்குக் காகிதத்தைக் கொடுத்தோம். கண்ணாடிக்கார அம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் காதை இன்னொரு தடவை பார்த்தார். வியாழக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வியாழக்கிழமை சீட்டு கைக்கு வந்தது, தாடியும் முகத்தில் இருந்தது. ஜுனுக்கு ஷூவைத் திருப்பிக் கொடுத்தபோது, என் செருப்பைத் தானே வைத்துக்கொள்ளவா என்று சைகையில் கேட்டான். காலுக்கு நன்றாக இருக்கிறதாம். திண்டுக்கல்லில் தைத்த தோல் செருப்பு அது, இருக்காதா? ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில், இத்தனை பாடுபட்டு வாங்கிய சீட்டை அங்கிருந்த பையன் வாங்கிப் பையில் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் குத்தினான். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானாகவே முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். போ போ என்று கையை ஆட்டினான்.

சனிக்கிழமை பழனியில் முடியை இறக்கினேன். ஒரு மயிர் பாக்கி வைக்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் கிழிந்த காது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இதுவரை எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு நான்தான் அழைத்து வந்தேன். பங்காளி வகையறா ஆள் பட்டு வேட்டியோடு ஓரமாக நின்றிருந்தார், அவருக்கு அங்கே வேலை இல்லை. தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போகும்போது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் மச்சான் என்னைக் காட்டி ஆரம்பித்தார்.

"எங்க மச்சான் காதப் பாருங்க. சல்லிக்கட்டுல காளை கிழிச்சதுங்க. அப்பவும் திமில உடுலீங்க."

"மச்சான், நிறுத்துங்க. காளை இல்ல" என்றேன்.

பையிலிருந்து வக்கீல் காகிதத்தின் நகலை எடுத்தேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தர்ஷினி சொல்லிக் கொடுத்திருந்தாள். தக்காளி, கடுக்கன், பொறுக்கியது எல்லாவற்றையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். எதிர்த்துப் போட்ட கடையையும் சொன்னேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் பற்றி எந்த சர்க்காரும் எழுதி வைத்ததில்லை. வேறு நாட்டு முத்திரையோடு எழுதியது இது ஒன்றுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா, சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அந்தக் கடை இன்னும் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அது இல்லீங்க. என்னுது இருக்கு."

மச்சான் முகம்தான் தொங்கிவிட்டது. "அப்ப காளை புடிச்சவரு தங்கச்சின்னு சொல்லி என்னைய ஏமாத்திக் கட்டி வெச்சீங்களாக்கும்?"

பரிமாறிக்கொண்டு வந்த பேச்சி ரசவாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள். "அன்னைக்கு உன் சட்டையத் தொவச்சது நான்தான. ரத்தமுன்னு பாத்தா பாதி தக்காளி, வெதை வெதையா ஒட்டிக் கெடந்துச்சு."

"அம்பது வருசமாவா வாயத் தொறக்காம இருந்த?"

"காளை புடிச்சவன் தங்கச்சின்னுதான இவுக வீட்டுல பொண்ணு கேட்டு வந்தாக? நான் எதுக்கு வாயத் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டு, மச்சான் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.